பூட்டா, டிராக்கரா? கம்பஸ் லெப்டொப்புக்கு எது உதவும்

தோட்டத்திலிருந்து பேராதனைக்கோ பதுளைக்கோ படிக்கப் போகிற பிள்ளைக்கு லெப்டொப் வாங்கிக் கொடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. 2022 நெருக்கடியில் ரூபா சரிந்தபோது ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் இரண்டு லட்சம் ரூபா லெப்டொப் என்பது 148 நாள் கொழுந்து. களவு போனால் இன்னொன்று வாங்கலாம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

களவுக்கு எதிரான ஏற்பாடுகள் இரண்டு வகை. எடுக்க விடாமல் தடுப்பவை ஒன்று, எடுத்துப் போனபின் தேடித் தருபவை மற்றது. இளசுகளுக்குப் பிடித்தது இரண்டாவதுதான். போனில் வரைபடத்தைத் திறந்து கள்வன் எங்கே என்று பார்க்கலாம் அல்லவா! என் ஓட்டு முதலாவதற்கு. மலைநாட்டில் அந்த வரைபடம் எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

முதலில் கம்பிப் பூட்டு. பல லெப்டொப்களின் பக்கவாட்டில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நீளம், 3 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும். கென்சிங்டன் பூட்டுக்கு உரியது அது. இப்போதைய மெக்புக்கில் இல்லை, மெல்லிய மாடல்கள் சிலவற்றில் வேறு அளவில் இருக்கும். பூட்டு வாங்குமுன் லெப்டொப்பைக் கடைக்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். பெரிய வெட்டுக்குறடு இருந்தால் கம்பியை அறுத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் பகல் நேரத்தில் நூலகத்துக்குள் வெட்டுக்குறட்டோடு யார் வருகிறார்? அங்கே களவு நடப்பது, பக்கத்து மேசைக்காரர் தேநீர் குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில், மூடி பையில் போடுகிற வேகத்தில். அந்த வேகத்தைக் கெடுக்கத்தான் கம்பி. பலமாக இழுத்தால் லெப்டொப்பின் உடம்பு பிளக்கும், பிளந்ததற்கு விலை இல்லை.

விடுதியில் கட்டுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எல்லாரும் கட்டில் காலில்தான் வளையத்தை மாட்டுகிறார்கள். இரும்புக் கட்டிலை ஒரு பக்கம் அரை அடி தூக்கினால் வளையம் காலடியால் கழன்று வந்துவிடும். காலுக்கும் காலுக்கும் இடையே பற்றவைத்த குறுக்குச் சட்டத்தில் சுற்ற வேண்டும். அப்புறம் எண் பூட்டு வாங்கியவர்கள், திரும்பத் திறக்க வசதி என்று கடைசி எண்ணை மட்டும் ஒரு பல் தள்ளி வைப்பார்கள். அது பூட்டாத பூட்டு. நான்கு பேர் இருக்கும் அறையின் திறப்பைக் கதவு நிலைக்கு மேலே வைத்துவிட்டுக் குளிக்கப் போகிற வழக்கமும் அப்படித்தான். இந்த இரண்டையும் நிறுத்தக் காசு தேவையில்லை.

தேடித் தருகிற பக்கத்துக்கு வருவோம். விண்டோஸிலேயே ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ இருக்கிறது, இலவசம். மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்து இருப்பிடத்தைத் திறந்து வைத்திருந்தால் போதும். ஆனால் லெப்டொப் ஓடிக்கொண்டு, இணையத்திலும் இருந்தால்தான் புதிய இடம் தெரியும். கள்வன் முதலில் செய்வது அணைப்பது, அடுத்தது விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது. அதோடு தொடர்பு அறுந்தது.

அழிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலான லெப்டொப்களில் ஜிபிஎஸ் கிடையாது. சுற்றியுள்ள வைஃபைகளை வைத்துத்தான் இடத்தை ஊகிக்கும். கண்டி நகரத்தில் வைஃபை நெருக்கம் அதிகம், ஊகம் ஓரளவு சரியாக வரும். ஒரு தோட்டத்து லயத்தில் டொங்கிளோடு (சிம் போட்டு லெப்டொப்பில் செருகும் இணையக் குச்சி) திறந்தால் ஊகிக்க ஒன்றும் இல்லை; இணைய (ஐபி) முகவரியை வைத்துக் கணக்குப் போடும். அந்த முகவரி இணையக் கம்பனியின் வாசலைத்தான் காட்டும். பொருள் ஹட்டனில் இருக்க, புள்ளி கொழும்பில் விழுந்தாலும் ஆச்சரியமில்லை.

பிரே போன்ற செயலிகள் கொஞ்சம் மேல். திரையைப் படம் பிடிக்கும், கமராவில் முகத்தையும் பிடிக்கும். ஆனால் ஒரு முரண்: கடவுச்சொல் பலமாக இருந்தால் கள்வன் உள்ளே போய் எதையும் செய்யமாட்டான், படத்தில் விழவும் மாட்டான். அதற்காகவே கடவுச்சொல் இல்லாத விருந்தினர் கணக்கு ஒன்றை இரையாக வைக்கச் சொல்வோர் உண்டு. என்னைக் கேட்டால் வேண்டாம். கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே கமரா பூட்டுவதற்கு அவ்வளவு ஆசை இருக்கக்கூடாது.

மெக்புக் வைத்திருப்போருக்கு நிலைமை வேறு. அப்பிள் சிப் உள்ளவற்றில் அழித்தாலும் உரிமையாளரின் கணக்கு இல்லாமல் மீண்டும் இயங்கச் செய்ய முடியாது. ‘ஃபைண்ட் மை’யை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொருளைத் தேட அப்பிள் விற்கும் சின்ன வில்லையான எயார்டெக்கை வாங்கிப் பையில் போடலாமா என்பதும் அடிக்கடி வருகிற கேள்வி. அதற்குச் சொந்தமாக இணையம் இல்லை. பக்கத்தில் போகிற ஐபோன்கள்தான் அதன் இடத்தைச் சொல்ல வேண்டும். கண்டி பஸ் நிலையத்தில் வேலை செய்யும், தேயிலை மலையில் யாருடைய ஐபோன் போகிறது? போதாததற்கு, கூடவே வருகிற அந்நிய எயார்டெக்கைப் பற்றிப் பையைச் சுமப்பவரின் போனுக்கே எச்சரிக்கை போகும். பதுளை ரயிலில் பை மாறிப் போவதற்கு நல்ல மருந்து. களவுக்கு அல்ல, கள்வன் லெப்டொப்பை எடுத்துக்கொண்டு பையை எறிந்துவிடுவான்.

யாரும் கணக்கில் எடுக்காத போட்டியாளர் ஒன்று இருக்கிறது: பெயர் வெட்டுவது. கல்யாணத்துக்குக் கொடுக்கிற பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல லெப்டொப்பின் மூடியிலும் அடியிலும் பெயரின் முதலெழுத்துகளையும் போன் எண்ணையும் வெட்டிவிடுங்கள். அழகு கெடும், விற்கும் விலையும் கெடும். கெடவேண்டியது அதுதானே. பழைய லெப்டொப் வாங்குகிற கடைக்காரர் சுரண்டிய தடத்தைப் பார்த்ததும் பில் கேட்பார். விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது மூடியைப் பார்த்து அம்மா திட்டுவார், அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே இருப்பது வேறு கணக்கு. விண்டோஸ் கடவுச்சொல்லை மட்டும் நம்பினால் கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எல்லாவற்றையும் படித்துவிடலாம். விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லொக்கரோ, ஹோம் பதிப்பில் சில கணினிகளுக்குக் கிடைக்கும் சாதன மறையாக்கமோ போட்டால் அது நடக்காது. மீட்புத் திறப்பை வேறிடத்தில் எழுதி வைக்க மறக்காதீர்கள். இறுதியாண்டு ஆய்வறிக்கையை கூகுள் ட்ரைவில் வையுங்கள், 15 ஜிபி இலவசம். பென் டிரைவில் பிரதி எடுக்கிறவர்கள் அந்தப் பென் டிரைவையும் அதே பையில் போடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே போகும்.

களவு போய்விட்டால் பொலிஸ் முறைப்பாட்டில் உயிர்நாடி தொடர் எண். போனுக்கு ஐஎம்ஈஐ என்ற தனி எண் இருக்கிறது, சிம் போட்டதும் வலையமைப்பில் தெரியும். சாதாரண லெப்டொப்புக்கு அப்படி ஒன்றும் இல்லை. அடியில் ஒட்டியிருக்கும் தொடர் எண்ணையும் பில்லையும் இன்றே படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். கண்டிப் பக்கத்தில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்பது சகஜம். தமிழில் எழுதக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அது நடக்காவிட்டாலும் மாடல், தொடர் எண், அடையாளம் எல்லாவற்றையும் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, எழுதப்பட்ட எண்ணை உங்கள் படத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பூச்சியத்துக்குப் பதில் ஓ விழுந்தால் நாளை பொருள் கிடைத்தாலும் அது உங்களுடையது என்று நிறுவப் படாதபாடு படுவீர்கள். வரைபடத்தில் புள்ளி தெரிந்தால் அதையும் பொலிஸிடம் கொடுங்கள். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு நீங்களே அந்த வீட்டுக் கதவைத் தட்டப் போகாதீர்கள், புள்ளி பக்கத்து வீட்டில் விழுந்திருக்கலாம்.