10 வருடம் பிளகின்களோடு: எங்கள் சமையல் தளத்தில் ஷூ விற்ற கதை

அக்காவின் சமையல் தளத்தை 2015-இல் வேர்ட்பிரஸ்ஸில் (இணையதளம் அமைக்க உதவும் இலவச மென்பொருள்) அமைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அதற்கு வாட்ச்மேன் நான்தான். இத்தனை வருடத்தில் வேர்ட்பிரஸ்ஸால் எனக்கு ஒரு தலைவலியும் இல்லை. வந்ததெல்லாம் பிளகின்களால், அதாவது தளத்தில் புது வசதி சேர்க்கச் செருகும் துணை நிரல்களால்.

முதல் நான்கு வருடம் தொட்டதற்கெல்லாம் பிளகின் போட்டேன். செய்முறையை அச்சிட ஒன்று, படத்தைச் சுருக்க ஒன்று, வாட்ஸ்அப் பட்டனுக்கு ஒன்று. பிடிக்காவிட்டால் டீஆக்டிவேட் செய்து அப்படியே விட்டுவிடுவேன். 2019-இல் உட்கார்ந்து எண்ணியபோது 31 இருந்தன. அதில் ஓடிக்கொண்டிருந்தவை 14.

எண்ண வைத்தது அக்காவின் போன். "டேய், கூகுள்ல நம்ம வத்தக்குழம்பைத் தேடினா ஜப்பான் எழுத்துல ஷூ விக்கிறாங்கடா!"

நான் முகவரியைத் தட்டித் திறந்தால் தளம் வழக்கம்போல வத்தக்குழம்போடு இருந்தது. "பழைய நகலைக் காட்டுற கேஷ் பிரச்சினையா இருக்கும்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது. கூகுளில் தேடி, அந்த முடிவைச் சொடுக்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கூகுளின் ரோபோவுக்கும் கூகுள் வழியாக வருபவர்களுக்கும் மட்டும் ஷூ கடை. நேராக வருபவர்களுக்குப் பழைய தளம். சொந்தக்காரன் கண்ணில் படக்கூடாது என்றே யோசித்துச் செய்த வேலை. தேடுபெட்டியில் site: என்று போட்டு எங்கள் தள முகவரியைக் கொடுத்துப் பார்த்தால், நாங்கள் எழுதாத பக்கங்கள் ஆயிரக்கணக்கில்.

மூன்று வாரம் பழைய பேக்கப்பை எடுத்துப் போட்டேன். சரியாகிவிட்டது என்று தூங்கினேன். நான்காம் நாள் ஷூக்காரர் திரும்ப வந்துவிட்டார். திரும்ப நுழைய அவர்கள் ஒளித்து வைத்த பின்கதவு அந்த பேக்கப்பிலேயே இருந்திருக்கிறது.

இரண்டாவது முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அப்லோட்ஸ் ஃபோல்டரில் படங்கள் மட்டும்தானே இருக்க வேண்டும்? 2017 மார்ச் மாதப் படங்களுக்கு நடுவே ஒரு பிஎச்பி கோப்பு, அதாவது சர்வரில் ஓடும் நிரல், உட்கார்ந்திருந்தது. திறந்தால் ஒரே வரி, வலப்பக்கம் முடிவில்லாமல் ஓடுகிற அர்த்தமில்லாத எழுத்துகள். பயனர் பட்டியலில் நான் உருவாக்காத ஓர் அட்மின். வேர்ட்பிரஸ்ஸையும் பிளகின்களையும் புதிதாக இறக்கிப் போட்டேன். எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன். கட்டமைப்புக் கோப்பில் இருக்கும் ரகசியச் சாவிகளையும் மாற்றினேன். இதைச் செய்தால் உள்ளே லாகின் ஆகியிருக்கும் எல்லோரும் ஒரே நொடியில் வெளியே தள்ளப்படுவார்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

எப்படி நுழைந்தார்கள்? என் ஊகம், படங்களை ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்திக் காட்டும் ஒரு ஸ்லைடர் பிளகின். காசு கொடுத்து வாங்கிய தீமோடு (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) கூடவே வந்தது. தனி லைசென்ஸ் இல்லாததால் அதற்கு மட்டும் அப்டேட் அறிவிப்பே வராது. எல்லாம் பச்சையாக இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த பட்டியலில் அதன் பெயரே இல்லை.

அதற்கப்புறம்தான் பிளகின் ஓட்டைச் செய்திகளைப் படிக்க ஆரம்பித்தேன். 2020 செப்டம்பரில் வந்த ஃபைல் மேனேஜர் விவகாரம் மறக்கவே முடியாது. 7 லட்சம் தளங்களுக்கு மேல் இருந்த பிளகின் அது. அதற்குள் எல்ஃபைண்டர் என்ற திறமூல நூலகத்தின் (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த நிரல்) மாதிரிக் கோப்பு ஒன்றைப் பெயர் மாற்றி, நேரடியாக ஓடுகிற பிஎச்பி கோப்பாக வைத்திருந்தார்கள். லாகின் எதுவும் கேட்காது. யார் வேண்டுமானாலும் அதைக் கூப்பிட்டு, வேண்டிய கோப்பை ஏற்றலாம். செப்டம்பர் 1 அன்றே 6.9 பதிப்பில் அடைத்துவிட்டார்கள், ஆனால் தாக்குதல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அதைப் படித்த அன்றுதான் டீஆக்டிவேட் செய்வதற்கும் நீக்குவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறைத்தது. டீஆக்டிவேட் செய்தாலும் கோப்புகள் சர்வரில் அப்படியேதான் கிடக்கின்றன. இப்படி நேராகக் கூப்பிடக்கூடிய கோப்பு ஒன்று அதில் இருந்தால், ஸ்விட்சை அணைத்து என்ன பயன்? அன்றே தூங்கிக்கொண்டிருந்த 17-ஐயும் அழித்தேன்.

பாதுகாப்புக்கென்றே பிளகின் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். 2024 நவம்பரில் ரியலி சிம்பிள் செக்யூரிட்டி என்ற பிளகினில், 40 லட்சம் தளங்களில் இருந்தது, ஓர் ஓட்டை வெளியானது. அது இருந்த இடம் இரண்டு கட்ட உறுதிப்படுத்தல் வசதி! அதை இயக்கி வைத்தவர்களின் தளத்தில்தான் கடவுச்சொல் இல்லாமல் அட்மினாக நுழைய முடிந்தது. வீட்டுக்கு இரண்டாவது பூட்டு போட்டவனைப் பார்த்துத் திருடன் சிரித்த கதை. அதற்காகப் பாதுகாப்பு பிளகின் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அதுவும் இன்னொரு பிளகின்தான் என்பது மட்டும் நினைவில் இருக்கிறது.

பிளகின்களுக்கு ஆட்டோ அப்டேட் போடும் பட்டன் 2020-இல் வேர்ட்பிரஸ் 5.5 பதிப்போடு வந்தது. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு முறை விடியற்காலை அப்டேட்டில் தொடர்புப் படிவம் செத்து, இரண்டு நாள் யாருடைய கடிதமும் வரவில்லை. பரவாயில்லை, ஷூ கடையை விட மேல். இதற்கும் ஒரு வேட்டு 2024 ஜூனில் வைத்தார்கள்: வேறெங்கோ கசிந்த கடவுச்சொற்களைக் கொண்டு பிளகின் ஆசிரியர்களின் கணக்குக்குள்ளேயே புகுந்து, சோஷியல் வார்ஃபேர் உட்பட சில பிளகின்களின் அதிகாரபூர்வ அப்டேட்டிலேயே விஷத்தைக் கலந்துவிட்டார்கள். உடனுக்குடன் அப்டேட் செய்த நல்ல பிள்ளைகளுக்குத்தான் அடி. இருந்தும் நான் ஆட்டோ அப்டேட்டை அணைக்கவில்லை. பழைய ஓட்டையைத் தேடி வருகிறவர்கள் தினமும் வருகிறார்கள். சர்வர் லாகை, அதாவது வந்துபோனவர்களின் பதிவைத் திறந்தால், எங்களிடம் இல்லவே இல்லாத பிளகின்களின் கதவைக்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கைமாறும் பிளகின்கள்தான் எனக்கு இன்னும் பயம். 2017-இல் டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் அப்படித்தான் போனது. 2 லட்சம் தளங்களில் இருந்ததை அதன் ஆசிரியர் விற்றார். வாங்கியவர் ஸ்பேம் பக்கம் போடும் நிரலைச் சேர்த்தார். லாகின் ஆனவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியாது. எங்கள் ஷூக்காரரின் அதே தந்திரம்.

இப்போது 9 பிளகின். அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி ஓடாதபடி நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். பேக்கப் 90 நாளுக்கு, வேறொரு இடத்தில். மாதம் ஒரு முறை கூகுளில் எங்கள் தளத்தை வெளியாள் மாதிரி தேடிப் பார்ப்பேன்.

போன பொங்கலுக்கு அக்கா கேட்டாள்: "முகப்புல பூ உதிர்ற மாதிரி ஒண்ணு போடேன், அதுக்கு பிளகின் இருக்காமே?" இருந்தது. கடைசி அப்டேட் மூன்று வருடத்துக்கு முன்னால். ராத்திரி உட்கார்ந்து 14 வரி சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறிமொழி) எழுதிக் கொடுத்தேன். பூ கொஞ்சம் திக்கித் திக்கித்தான் விழுந்தது.