பைட்டேஸா, டிசிபியா? முதலில் மீனுக்கு இரைப்பை இருக்கிறதா என்று பாருங்கள்

மீன் தீவனம் பெரும்பாலும் சைவமாகி ரொம்ப நாளாகிறது. மீன்தூள் இருந்த இடத்தில் இப்போது சோயாப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, எண்ணெய் எடுத்த தவிடு. மீன் வளரத் தேவையான பாஸ்பரஸ் இவற்றில் இல்லாமல் இல்லை. ஆனால் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற, எளிதில் செரிக்காத சேர்மமாகப் பூட்டிக் கிடக்கிறது. துத்தநாகத்தையும் இரும்பையும்கூட அது பிடித்து வைத்துக்கொள்ளும். பூட்டைத் திறக்கும் பைட்டேஸ் நொதி மீன் குடலில் போதுமான அளவு கிடையாது. அதனால்தான் கடையில் இரண்டு வழி சொல்கிறார்கள்: நொதியைச் சேர், அல்லது டிசிபி என்கிற டைகால்சியம் பாஸ்பேட்டை, அதாவது பாஸ்பரஸ் உள்ள தாது உப்பை, வெளியிலிருந்து கொட்டு.

ஜிலேபி, அதாவது திலேப்பியா வளர்ப்பவருக்குப் பதில் சுலபம்: பைட்டேஸ். அந்த மீனுக்கு நல்ல புளிப்பான இரைப்பை உண்டு, பைட்டேஸுக்கும் புளிப்பில்தான் வேலை ஓடும். கிலோ தீவனத்துக்கு 500 முதல் 1000 நொதி அலகு என்பது வழக்கமான அளவு. உள்ளே இருக்கும் பாஸ்பரஸே வெளிவருவதால் டிசிபியைக் குறைக்கலாம். செரிக்காத பாஸ்பரஸ் கழிவாகப் போய்த் தண்ணீரைப் பச்சையாக்குவதும் குறையும். அந்தப் பச்சை முற்றினால் விடியற்காலையில் ஆக்சிஜன் போதாமல் மீன் மேலே வந்து வாய் பிளக்கும், வளர்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கெண்டையில்தான் சிக்கல். ரோகு, கட்லா, சாதாக் கெண்டை எதற்கும் இரைப்பையே கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. அங்கே புளிப்பு இல்லை, பைட்டேஸ் அரைத்தூக்கத்தில்தான் வேலை செய்யும். சரி, டிசிபியே போடலாம் என்றால் அதைக் கரைக்கவும் அமிலம் வேண்டுமே! சாதாக் கெண்டை டிசிபியின் பாஸ்பரஸில் 46 சதவீதம் அளவுக்குத்தான் எடுத்துக்கொள்கிறது. நீரிலேயே கரையும் மோனோகால்சியம் பாஸ்பேட்டில் அதுவே 94 சதவீதம். பாதிக்கு மேல் குளத்துக்குப் போகும் டிசிபியை விலை மலிவு என்று வாங்குவது எனக்குப் புரியாத கணக்கு. கெண்டைக்கு என் ஓட்டு மோனோவுக்கே.

ரோகுவுக்கு 3 சதவீத சிட்ரிக் அமிலத்தோடு பைட்டேஸ் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பலன் தெரிந்தது. செலவைப் பார்த்தால் குஞ்சுத் தீவனத்துக்குச் சரி, பெரிய குளத்துக்குக் கட்டாது. தீவனத்தைத் தானே தயாரிப்பவருக்கு இன்னொரு வழி உண்டு: புண்ணாக்கையும் தவிட்டையும் நொதி கலந்த, லேசாகப் புளித்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைப்பது. மீனின் வயிறு செய்யாத வேலையைத் தொட்டி செய்துவிடும். பைட்டேஸுக்குச் சூடு பிடிக்கும், ஆனால் கொதி ஆகாது.

அப்புறம் அந்த ‘பல நொதிக் கலவை’ பாக்கெட்டுகள். அவற்றில் இருக்கும் சைலனேஸ் என்ற, நாரை உடைக்கும் நொதி கோதுமைத் தவிடு, அரிசித் தவிட்டின் நாருக்குப் பொருந்தும். சோயா நாரில் பெக்டின் வகைதான் அதிகம், சைலனேஸுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. உங்கள் தீவனத்தில் என்ன மாவு என்று பார்க்காமல் பாக்கெட் வாங்குவது வீண்.

மிதவைத் தீவனம் வாங்குபவர் ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். அந்த உருண்டைகள் 100 டிகிரியைத் தாண்டிய சூட்டில் பொரிந்து வருகின்றன, மாவோடு கலந்த சாதாரண பைட்டேஸ் அதிலேயே செத்துவிடும். சூடு தாங்கும் வகையைச் சேர்த்தார்களா, இல்லை உருண்டை ஆறிய பிறகு எண்ணெயோடு தெளித்தார்களா? விற்பவர் இதற்குத் தடுமாறினால், மூட்டையில் அச்சடித்திருக்கும் ‘நொதி சேர்த்தது’ என்ற வரிக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.