கடைவாய்க்கு ஜிர்கோனியா, முன்பல்லுக்கு டைசிலிகேட்: இந்தக் கணக்கு போதுமா?

கணினி கடைந்து தரும் பல் உறைக்கு (செதுக்கிய பல்லின் மேல் மாட்டும் ‘கிரவுன்’) எந்தப் பீங்கான் என்று கேட்டால், பல லேப்களில் கிடைக்கும் பதில் தலைப்பில் உள்ளதுதான். பாதி சரி. பல் எங்கே இருக்கிறது என்பதைவிட, உறையை அங்கே எது பிடித்து வைக்கப்போகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

லித்தியம் டைசிலிகேட் கட்டி கத்தரிப்பூ நிறத்தில் வரும். இதையா வாயில் வைக்கப்போகிறார் என்று நோயாளியின் முகம் மாறும். அந்த நிலையில் வலிமை சுமார் 130 மெகாபாஸ்கல்தான் (உடையாமல் தாங்கும் அழுத்தத்தின் அளவு) என்பதால் இயந்திரம் சுலபமாகக் கடைந்துவிடும். பிறகு 850 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும் சூளையில் அரை மணி நேரம்; படிகங்கள் வளர்ந்து, பல் நிறம் வந்து, வலிமை 360-ஐத் தாண்டிவிடும். சுருக்கம் வெறும் 0.2 சதவீதம். காலையில் அளவெடுத்தால் அன்றைக்கே பொருத்தலாம்.

ஜிர்கோனியாவைச் சாக்பீஸ் பதத்தில் கடைகிறோம். 1,500 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் 20 முதல் 25 சதவீதம் சுருங்கும். அதைக் கணக்கிட்டு மென்பொருள் பெரிதாகவே கடையும். கடையும் வட்டமான ஜிர்கோனியா வில்லையிலிருந்து எடுத்த உறை பூதத்தின் பல் போல இருக்கும். வெந்து வந்தால் வலிமை 900 முதல் 1,200 மெகாபாஸ்கல். விரிசல் கிளம்பும் இடத்தில் படிகங்கள் உருமாறிப் பருத்து, அதை நெருக்கி நிறுத்திவிடும்.

எண்களில் போட்டியே இல்லை. ஒட்டுவதில்தான் கதை மாறுகிறது. டைசிலிகேட்டில் உள்ள கண்ணாடியை 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் 20 விநாடியில் அரித்துச் சொரசொரப்பாக்கும். கண்ணாடியையும் ரெசினையும் இணைக்கும் சிலேன் பூசி, ரெசின் சிமென்ட் என்ற பிசின் ஒட்டு வைத்தால் உறையும் எனாமலும் ஒன்றாகிவிடும். ஜிர்கோனியாவில் கண்ணாடி இல்லை, அமிலம் பலிக்காது. அலுமினாத் துகள் வீசி, ஜிர்கோனியாவைப் பற்றிக்கொள்ளும் எம்.டி.பி. என்ற பாஸ்பேட் சேர்மம் கலந்த பிரைமர் பூச வேண்டும். போட்டுப் பார்க்கையில் எச்சில் பட்டால், அதிலுள்ள பாஸ்பேட் பிரைமரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி சுத்தம் செய்யாமல் ஒட்ட முடியாது.

ஆகவே, தேய்ந்து குட்டையான கடைவாய்ப்பல், சுற்றிலும் எனாமல் மிச்சம் என்றால், உறையை ஒட்டுதான் பிடிக்க வேண்டும் என்பதால் என் கை டைசிலிகேட்டுக்கே போகும். விளிம்பு ஈறுக்குக் கீழே இறங்கி, ரத்தம் கசிந்தபடி இருக்க, செதுக்கிய பல் நல்ல உயரம் என்றால் ஜிர்கோனியா. அங்கே பல்லின் உயரமே பிடிமானம் தருவதால், சாதாரண கிளாஸ் அயனோமர் சிமென்ட்டே போதும். கடைவாயில் மூன்று பல் பாலம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜிர்கோனியாதான். எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும் என்ற பயம் நன்றாக மெருகிட்ட பரப்புக்குப் பொருந்தாது. கடி சரிசெய்த இடத்தை மெருகிடாமல் விட்டால் மட்டும் அது அரமாகிவிடும்.

1985-இல் ஜூரிக்கில், கணினியால் பல் பீங்கானைக் கடையும் செரெக் முறை தொடங்கியபோது இருந்த ஃபெல்ட்ஸ்பார் பீங்கான் இன்றும் பல்லின் குழிக்குள் பொருத்தும் சிறிய இன்லேக்கு அழகு. உறைக்கு நான் எடுப்பதில்லை.

இன்னொன்று: 5 மோல் சதவீத இட்ரியா சேர்த்த ஒளிகசியும் ஜிர்கோனியா முன்பல்லுக்கு அழகு, ஆனால் வலிமை மேலே சொன்ன ஜிர்கோனியாவில் ஏறக்குறைய பாதிதான். பில்லில் இரண்டுக்கும் ‘ஜிர்கோனியா’ என்றே எழுதியிருப்பார்கள். அந்த ஒளிகசியும் ஜிர்கோனியாவில் செய்து வந்த கடைவாய்ப் பாலம் ஒன்றை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.