புக்கிட் ஜாலில் ஸ்டேடியம்: மேல உக்காந்தா சத்தம், கீழ உக்காந்தா வேர்வை

நேத்து கோலாலம்பூர்ல மலேசியா ஃபுட்பால் மேட்சுக்கு மச்சானோட போனேன். எல்ஆர்டி ரயில்ல போங்க, ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு, காடி (கார்) எடுத்துட்டுப் போனா திரும்பி வர நடுராத்திரி ஆயிடும். 1998 காமன்வெல்த் கேம்ஸுக்குக் கட்டுனது, 80,000 பேருக்கு மேல உக்காரலாம், கூரை நல்லா மறைக்குது அதனால மழைக்குப் பயமில்ல. ஒரே குறை ஓட்டப்பந்தயப் பாதை சுத்தி இருக்கறதால பந்து ரொம்ப தூரத்துல ஓடுற மாதிரி இருக்கும், மேல் டியர்ல உக்காந்தா ஜெர்சி நம்பரே தெரியாது, ஆனா அந்தச் சத்தம் இருக்கே அடேங்கப்பா, அதுக்காகவே மேல உக்காரலாம்.

2007ல ஆசியக் கிண்ணத்தை 4 நாடு சேந்து நடத்துனப்ப சீனா நம்மள 5-1 அடிச்சதும் இங்கதான், மறக்க முடியுமா. அதே வருஷம் செமி ஃபைனல்ல ஈராக் பெனால்டில தென் கொரியாவ வெளியேத்துனதும் இங்கதான், அப்புறம் ஜகார்த்தா போயி கப்பையே தூக்கிட்டாங்க. புல்லும் இப்ப பரவால்ல, பழைய மாட்டுப்புல்ல எடுத்துட்டு ஸோய்சியா போட்டுட்டாங்க.

வெளிய ஒரு கடைல தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ) 6 வெள்ளி (ரிங்கிட்), முக்கால்வாசி ஐஸ்தான். வீட்லயே பசியாறிட்டுப் போங்க. 5க்கு 4.