அளவுக்கு அடங்காத போஸ்டர்கள்: எட்டு வருட ஃபிரேம் அனுபவம்

என்னிடம் இப்போது பதினோரு பழைய சினிமா போஸ்டர்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டுக்கு மட்டும்தான் ரெடிமேட் ஃபிரேம் அப்படியே பொருந்தியது. மற்ற ஒன்பதுக்கும் ஏதாவது ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதல் போஸ்டரை மாட்டி எட்டு வருடம் ஆகிறது. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், ரெடிமேட் ஃபிரேம்கள் 18க்கு 24 இன்ச், 24க்கு 36 இன்ச், ஏ1, ஏ2 என்று வருகின்றன. சேகரிப்பவர்கள் தேடி வாங்கும் போஸ்டர்களோ வேறு கணக்கில் அச்சானவை. அமெரிக்கத் திரையரங்குகளுக்கான ஒன் ஷீட் இப்போது 27க்கு 40 இன்ச். 1980களுக்கு முந்தையது பெரும்பாலும் 27க்கு 41. இன்சர்ட் என்கிற ஒடுக்கமான வகை 14க்கு 36. பிரிட்டனின் குவாட் 30 இன்ச் உயரம், 40 இன்ச் அகலம், படுக்கைவாட்டில். ஜப்பானிய பி2 515க்கு 728 மில்லிமீட்டர். 27க்கு 40 ஃபிரேமில் 27க்கு 41 போஸ்டரை வைக்க ஒரு இன்ச்தான் இடிக்கிறது. அந்த ஒரு இன்ச்சுக்காக ஓரத்தை வெட்டியவர்களையும், பின்பக்கமாக மடித்துச் செருகியவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வெள்ளை ஓரமும் போஸ்டரின் பகுதிதான். அச்சகத்தின் பெயர், ஆண்டு, வெளியீட்டு எண் போன்றவை பெரும்பாலும் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும்.

என் முதல் இன்சர்ட்டை ஒரு ஃபிரேம் கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது மேசைப் பலகை மாதிரி விறைப்பாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது. முதல் பார்வைக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. விசாரித்ததில், சூடேற்றிய அழுத்து இயந்திரத்தில் வைத்து முழுப் போஸ்டரையும் அட்டையோடு ஒட்டிவிட்டார்கள் என்று தெரிந்தது. டிரை மவுண்ட் என்பார்கள். புதிதாக அச்சடித்த படத்துக்கு அது போதும். பழைய தாளுக்கு அது ஒருவழிப் பாதை, சேதமில்லாமல் பிரித்தெடுப்பது அநேகமாக நடக்காது. அந்தப் போஸ்டர் இன்னும் என் சுவரில் இருக்கிறது. ஆனால் அதற்கு இனி வேறு அட்டை, வேறு ஃபிரேம் என்று எதுவும் கிடையாது. அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் என் முதல் கேள்வி இதுதான்: “இதை நாளைக்கு நானே கழற்றி எடுக்க முடியுமா?”

அளவெடுப்பதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். பழைய தாள்கள் சரியான செவ்வகமாக இருப்பது அபூர்வம். அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளக்கிறேன். உயரத்துக்கும் அப்படியே. வருவதில் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு, உள் அளவில் இன்னும் 3 மில்லிமீட்டர் இடம் விடச் சொல்கிறேன். காரணம் ஈரம். ஈரக்காற்றில் தாள் விரியும், உலர்ந்தால் சுருங்கும்; நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அந்த விரிவு அதிகம். என் முதல் பி2 போஸ்டருக்கு மில்லிமீட்டர் பிசகாமல் ஃபிரேம் செய்து பெருமையாக மாட்டினேன். அடுத்த மழைக்காலத்தில் நடுப்பகுதி அலை அலையாக எழும்பி நின்றது. விரிய இடமில்லாத தாள் வேறெங்கே போகும்? பிரித்து, நாலு ஓரமும் கொஞ்சம் மூச்சுவிடும்படி வைத்த பிறகு பெரும்பாலும் படிந்துவிட்டது.

சரி, எல்லாவற்றுக்கும் தனி ஃபிரேம்தான் செய்ய வேண்டுமா? வேண்டாம். பெரிய ரெடிமேட் ஃபிரேம் வாங்கி, உள்ளே ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டையை மட்டும் நம் அளவுக்கு வெட்டித் தரச் சொன்னால் பல போஸ்டர்களுக்கு அது போதும். ஜப்பானிய பி2வை 24க்கு 36 ஃபிரேமில் அப்படித்தான் வைத்தேன். பக்கவாட்டில் இரண்டு இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாகவும், மேலும் கீழும் மூன்றரை இன்ச்சுக்குச் சற்று அதிகமாகவும் அட்டை தெரிகிறது. கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் ஹாஃப் ஷீட் என்கிற 22க்கு 28 அமெரிக்கப் படுக்கைவாட்டு வகையை, அதே ஃபிரேமைப் படுக்கைவாட்டில் திருப்பி வைத்துப் பார்த்தபோது மேலும் கீழும் ஒரு இன்ச், பக்கத்தில் நாலு இன்ச். போஸ்டர் ஏதோ குழாய்க்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். 14க்கு 36 போன்ற நீள வகைகளுக்கு ரெடிமேடைத் தேடி நேரம் செலவழிக்காமல் நேரடியாகச் செய்யச் சொல்லிவிடலாம்.

ஜன்னல் அட்டை ஓரத்தை 4, 5 மில்லிமீட்டர் மறைக்கும். கிழிந்த ஓரம், பின் குத்திய ஓட்டை இருந்தால் நல்லதுதான். தாளின் ஓரமே அழகாக இருந்தால் மிதவை முறை எனக்குப் பிடிக்கும்: பின் அட்டைமேல் முழுத் தாளும் தெரியும்படி வைத்து, கண்ணாடி தொடாமல் இருக்க ஓரத்தில் இடைவெளிப் பட்டை கொடுப்பது. எந்த முறையானாலும் கண்ணாடி மையைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

தாளைப் பிடித்துவைக்க, ஜப்பானிய மெல்லிய தாளில் இரண்டு சின்னத் துண்டும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும். மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டி, கொடியில் துணி காயப்போடுவது போலத் தொங்கவிடுகிறேன். வேண்டாம் என்றால் தண்ணீர் தொட்டு எடுத்துவிடலாம். பசையே இல்லாத மூலை உறைகளையும் சில வருடம் பயன்படுத்தினேன். சின்னப் போஸ்டர்களுக்கு அவை அருமை. ஒன் ஷீட்டில் மட்டும் தாள் நடுவில் தொய்ந்துபோனது. செலோ டேப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். மஞ்சளாகிப் பழுப்பாகி அச்சுப் பக்கம்வரை கறை இறங்கும்.

கண்ணாடியா அக்ரிலிக்கா என்பதில் எட்டு வருடத்தில் என் முடிவு மாறவில்லை. 27க்கு 40 அளவில் 3 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 5 கிலோவுக்கு மேல் வரும். அக்ரிலிக் அதில் பாதிகூட இல்லை. விழுந்தால் சில்லு சில்லாகி போஸ்டரைக் கிழிக்கவும் செய்யாது. குறை என்றால் கீறல் எளிதில் விழும், நிலைமின்சாரம் தூசியை இழுக்கும். பாதுகாப்புப் படலத்தை உரித்த கையோடு மூடிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ஒரு முடி உள்ளே போய்ப் படத்தின் முகத்திலேயே உட்காரும். துடைக்க மென்மையான துணி மட்டும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பட்டால் அக்ரிலிக் மங்கிவிடும்.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக்தான் எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். அதை வைத்து நிம்மதியாக இருந்தவன் போன வருடம் கூடத்தில் இருந்த ஒன் ஷீட்டைப் பிரித்தேன். ஆறு வருடத்தில் முதல் முறை. ஜன்னல் அட்டையைத் தூக்கினதும் அதற்கு அடியில் ஒளிந்திருந்த 4 மில்லிமீட்டர் பட்டை மட்டும் குங்குமச் சிவப்பாக இருந்தது. அதை ஒட்டி உள்ளே இருந்த சிவப்பு, பலமுறை துவைத்த சேலை மாதிரி. தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கோடு தெரியும்வரை எதுவும் மாறியதாகத் தோன்றவே இல்லை. அந்தச் சுவரில் நேர் வெயில் விழாது, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம்தான். புற ஊதாவைத் தடுத்தாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மையைத் தின்னும், தின்றது திரும்பி வராது. அச்சு மைகளில் பொதுவாகச் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலம் தங்கும். கடை ஜன்னல்களில் பழைய விளம்பரங்கள் நீலமாகிப்போவது அதனால்தான். அருங்காட்சியகங்கள் தாள் படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் வைக்கின்றன. வீட்டில் அப்படி வாழ முடியாது. ஆகவே இப்போது எதையும் நாலு மாதத்துக்கு மேல் கூடத்தில் வைப்பதில்லை, மாற்றி மாற்றித் தொங்கவிடுகிறேன். ஒரே அளவுள்ள மூன்று போஸ்டர்களுக்கு ஒரே ஃபிரேம் போதுமாகிவிட்டது.

மடிப்புக் கோடுகள் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1980களின் தொடக்கம்வரை அமெரிக்கப் போஸ்டர்களைப் பெரும்பாலும் மடித்துத்தான் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள். அந்தக் கோடு அதன் பிறவிக்குறி. மடிப்பில் கிழியத் தொடங்கிய ஒன்றுக்கு மட்டும், பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுத்துப் பின்னால் ஜப்பானியத் தாளும் துணியும் வைத்து ஒட்டி வாங்கினேன். மற்றவற்றைக் கோட்டோடுதான் மாட்டியிருக்கிறேன். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

அப்புறம், தொங்கவிடுவது. அகலமான ஃபிரேமுக்கு நடுவில் ஒற்றை ஆணி போதாது. இரண்டு பக்கமும் டி வளையம், இரண்டு கொக்கி. கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் காற்று ஓடும். வெளிச்சுவரில் பொட்டு இல்லாமல் மாட்டிய குவாட்டின் பின் அட்டையில் பூஞ்சைப் புள்ளிகள் வந்துவிட்டன. நல்லவேளை, தாளுக்குப் போகுமுன் பார்த்தேன். அதை உள்சுவருக்கு மாற்றி, அட்டையையும் புதிதாகப் போட்டேன்.

பன்னிரண்டாவதாக டேபில் (daybill) என்கிற ஒடுக்கமான ஆஸ்திரேலியப் போஸ்டர் ஒன்று வந்திருக்கிறது, சுமார் 13க்கு 30 இன்ச். சுருட்டி வந்ததால் இரண்டு வாரம் தட்டையாகக் கனம் வைத்து விட்டிருந்தேன், இப்போது படிந்துவிட்டது. நேற்று இரவு அளந்தேன். மேல் அகலத்தைவிடக் கீழ் அகலம் 3 மில்லிமீட்டர் குறைவு. மேல் அளவையே கொடுத்து, மிதவை முறையில் ஃபிரேம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.