வேரில்லாத கிளைகளைச் செடி என்று விற்றுவிட்டார்கள்: யூபோர்பியா வாங்குவோர் கவனத்திற்கு

நேற்று மாலை பன்னிரண்டாவது தொட்டியையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். ஒன்றில்கூட வேர் இல்லை. என் மாதச் சம்பளத்தில் கால் பங்கைக் கொடுத்து நான் வாங்கியவை செடிகளே அல்ல. பூத்து நின்ற தாய்ச்செடியிலிருந்து வெட்டி, ஈரமான தேங்காய் நார்க்கழிவில் குத்திவைத்து அனுப்பிய கிளைகள். இந்தப் பருவத்தில் இதே செடியைத் தேடிக்கொண்டிருக்கும் வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காகவே உடனே எழுதுகிறேன்.

வாங்கிய இடம் செடிகளை மட்டும் விற்கும் ஓர் இணையச் சந்தை. கிறிஸ்து முள் என்று பலரும் அழைக்கும் யூபோர்பியாவில், தாய்லாந்தில் உருவான பெரும்பூக் கலப்பின வகைகள்மீது எனக்கு நெடுநாள் ஆசை. பணம் கட்டுவதற்கு முன் விற்பனையாளரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நன்றாக வேர் பிடித்த செடிகளா? பத்து நிமிடத்தில் காணொளி வந்தது. தொட்டியை மெல்லச் சுற்றிக் காட்டி, பூங்கொத்தை ஒரு விரலால் நிமிர்த்தி, "எட்டு மாதச் செடி, இதையேதான் உங்களுக்கு அனுப்புவேன்" என்றார். முள்ளும் பாலும் கையைப் புண்ணாக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள் என்றும் அவராகவே சொன்னார். இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவர் ஏமாற்ற மாட்டார் என்று நம்பி, அந்த நிமிடமே முழுத் தொகையையும் செலுத்தினேன்.

பெட்டியைத் திறந்தபோது எல்லாத் தொட்டிகளிலும் பூக்கள் இருந்தன. கூடவே ஒரு சீட்டு: "பதினைந்து நாள் செடியை அசைக்கவோ மாற்றி நடவோ வேண்டாம், இளம்வேர் அறுந்துவிடும். தினமும் சிறிது தண்ணீர் ஊற்றவும்." நான் அதை அப்படியே பின்பற்றினேன். அந்தச் சந்தையில் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கான கெடு 7 நாள் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. அந்தப் பதினைந்து நாள் கணக்கு செடிக்காகப் போட்டதல்ல, கெடுவைக் கடத்துவதற்காகப் போட்டது என்பது இப்போதுதான் புரிகிறது.

வேரே இல்லாமல் பூ எப்படி நின்றது என்று கேட்பீர்கள். நாம் பூவிதழ் என்று நினைக்கும் அந்த வண்ணப் பகுதி உண்மையில் இதழே அல்ல. நடுவிலுள்ள மிகச் சிறிய பூக்களைத் தாங்கி நிற்கும் இலை போன்ற செதில்கள். அவை வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும். தண்டும் நீரைச் சேமித்து வைத்திருக்கும். ஆகவே வெட்டிய கிளைகூடச் சில நாள் முழுச்செடி போலவே தோன்றும். மடகாஸ்கர் தீவின் வறண்ட பாறைப் பகுதிகளில் வளர்ந்து பழகிய இந்தச் செடிக்கு, வேரே இல்லாத நிலையில் தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவே இல்லை.

பத்தாம் நாள் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. "இடம் மாறிய அதிர்ச்சி, சரியாகிவிடும்" என்று பதில் வந்தது. பதினாறாம் நாள் ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன். எந்தப் பிடிப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் கத்தியால் சாய்வாக வெட்டிய தடம் அப்படியே தெரிந்தது. அந்த இடம் கறுத்து, அழுத்தினால் கொழகொழவென்று பிதுங்கி, நாற்றம் அடித்தது. இரண்டு அங்குலம் மேலே நறுக்கிப் பார்த்தேன். உயிருள்ள தண்டாக இருந்தால் உடனே வெள்ளைப் பால் வடிந்திருக்கும். ஒரு சொட்டுகூட வரவில்லை.

படங்களை அனுப்பியதும் அவருடைய பேச்சே மாறிவிட்டது. முதலில் "நீங்கள் தண்ணீரை அதிகமாக ஊற்றியிருப்பீர்கள்" என்றார். அவருடைய சீட்டையே படமெடுத்து அனுப்பினேன். "உயிருள்ள பொருளுக்குப் பணம் திரும்பத் தருவதில்லை" என்றார். அதன்பின் பதிலே இல்லை. சந்தையின் உதவிப் பிரிவினரோ கெடு முடிந்துவிட்டது என்ற ஒரே வரியை மூன்று முறை அனுப்பி, என் புகாரை முடித்துவைத்துவிட்டார்கள். சம்பளத்தில் கால் பங்கு போனது போனதுதான்.

வெறும் போத்து, அதாவது நடுவதற்காக வெட்டிய கிளைத்துண்டு, என்று உண்மையைச் சொல்லி விற்றிருந்தால்கூட நான் வாங்கியிருப்பேன். வெட்டுவாயில் வடியும் பாலைத் தண்ணீரில் கழுவி, சில நாள் நிழலில் காயவைத்து, மணல் கலந்த மண்ணில் நட்டு, அளவாக நீர் விட்டிருந்தால் பெரும்பாலானவை வேர் பிடித்திருக்கும். செடி என்று பொய் சொன்னதால்தான் பன்னிரண்டும் அழுகின.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. பூவைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், தொட்டியைக் கவிழ்த்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியைத் திறப்பதைப் படம் பிடியுங்கள். வந்த அன்றே ஒரு செடியை மெல்ல இழுத்துப் பாருங்கள். வேர் பிடித்த செடி எளிதில் கையோடு வராது. கிளையை நறுக்கும்போது கண்ணைத் தொட்டுவிடாதீர்கள், அந்தப் பால் கண்ணுக்கு மிகவும் ஆபத்தானது.

இன்று காலை பார்த்தேன். அதே காணொளி, அதே விரல், அதே பூங்கொத்து. "புதிய வரவு" என்று மீண்டும் விற்பனைக்குப் போட்டிருக்கிறார்.