டபுள் கேபின் பிக்கப்புக்கு மேல் கேரியர்: நெல்லைச் சீமைக்கு எது தாங்கும்

டபுள் கேபின் பிக்கப் நிற்கும் வீடுகளில் கேரியர் பேச்சு பெரும்பாலும் பங்குனி உத்திரத்துக்கு முந்தைய வாரம்தான் கிளம்பும். சாஸ்தா கோயிலுக்கு அண்டா, அரிசி, விறகு, தார்ப்பாய், பிளாஸ்டிக் சேர் எல்லாம் போக வேண்டும். வீட்டாள்களும் போக வேண்டும். அந்த அவசரத்தில் பட்டறைக்காரர் கையில் என்ன அளவு இருக்கிறதோ அதைப் பொருத்திக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பத்து வருடம் ஓட வேண்டிய வண்டியின் கூரை அந்த ஒரு வாரத்தில் கெட்டுப்போகிறது. பொலேரோ கேம்பர், இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளுக்கு இங்கே கிடைக்கும் மூன்று வகைக் கேரியர்களையும், நம் சாலைக்கும் காற்றுக்கும் எது ஒத்துவரும் என்பதையும் பார்க்கலாம்.

பட்டறைக்குப் போகும் முன் வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து கூரைச் சுமை வரம்பைத் தேடுங்கள். சாதாரணமாக இந்த வகை வண்டிகளுக்கு 50 கிலோவில் இருந்து 100 கிலோவுக்குள் ஒரு எண் இருக்கும். ஓடும் வண்டிக்கான வரம்பு அது. கேரியரின் சொந்த எடையும் அதற்குள் அடக்கம். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. வரம்பு 75 கிலோ என்று வையுங்கள். கேரியரே 30 கிலோ என்றால் மேலே ஏற்ற மிஞ்சுவது 45 கிலோ. ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. அதோடு கணக்கு முடிந்தது. குளத்துக்கரைத் தடம், கல்லும் பள்ளமுமான மலையடிவாரப் பாதை என்றால் இன்னும் குறைக்க வேண்டும். அப்படிப்பட்ட பாதைக்கு வரம்பில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கச் சொல்லும் கேரியர் நிறுவனங்கள் உண்டு. அந்த அறிவுரை சரியானது. குழியில் வண்டி விழுந்து எழும்போது கூரைக்கு வரும் அடி, நின்றிருக்கும்போது இருக்கும் எடையைவிடப் பல மடங்கு.

முதல் வகை, பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்யும் இரும்புக் கூடை. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர் எங்கே போனாலும் செய்து தருவார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று விலை பேசுவது வழக்கம் என்பதால், கனமாகச் செய்தால் பட்டறைக்கு லாபம், உங்கள் கூரைக்கு நட்டம். 4 அடி நீளம், நாலரை அடி அகலத்தில் இரண்டு அடுக்குச் சுற்றுக்கம்பியும் நடுவில் ஆறு குறுக்குப் பட்டைகளும் வைத்தால் கால்களோடு சேர்த்து ஏறக்குறைய 70 அடி குழாய் பிடிக்கும். ஒரு அங்குலச் சதுரக் குழாயை 14 கேஜில், அதாவது 2 மில்லிமீட்டர் கனத்தில் போட்டால் மொத்தம் 30 கிலோ வரும். 16 கேஜில், 1.6 மில்லிமீட்டரில், 25 கிலோ. குடும்ப வண்டிக்கு 16 கேஜ் போதும். கால்களும் கால்களைப் பிடிக்கும் பட்டைகளும் மட்டும் 14 கேஜிலோ அதற்கு மேலோ இருக்கட்டும். இரண்டாவது அடுக்குச் சுற்றுக்கம்பி அழகுக்குத்தான். அதை விட்டால் 17 அடி குழாய் மிச்சம், கூரைக்கும் ஆறேழு கிலோ சுமை குறையும்.

பொலேரோ போன்ற பழைய வார்ப்பு வண்டிகளில் கூரையின் இரு ஓரமும் மழைத்தண்ணீர் வழிந்தோட ஒரு விளிம்பு இருக்கிறது. கேரியரின் கால் அந்த விளிம்பில் உட்கார்ந்து, கீழிருந்து ஒரு கொக்கிப் பட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும். பக்கத்துக்கு மூன்று கால் வையுங்கள். இரண்டு கால் மட்டும் வைத்தால் எடை முழுவதும் நான்கு புள்ளியில் இறங்கி விளிம்பு வளையும். கூரைத் தகட்டின் நடுவில் கால் ஊன்றவே கூடாது. அது ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத தகடு. ஓரம்தான் தாங்கும், நடுப்பகுதி பள்ளம் விழும். காலுக்கு அடியில் பட்டறையில் சைக்கிள் டியூபை வெட்டி வைப்பார்கள். பெயிண்ட் கீறாது, உண்மைதான். ஆனால் டியூபுக்கு அடியில் தண்ணீர் தேங்கி, வெளியே தெரியாமல் துரு பிடிக்கும். கெட்டியான ரப்பர் துண்டாகக் கேளுங்கள். வருடம் ஒரு முறை, சாரல் காலம் முடிந்ததும், கழற்றித் துடைத்துப் பார்த்துத் திரும்பப் போடுங்கள்.

ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், துருப்பிடிக்காது என்று சொல்லி விற்பதில் பாதிதான் உண்மை. வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும்; துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஒவ்வொரு இணைப்பையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துத்தநாகம் கலந்த பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். சாதாரண இரும்புக் குழாய் என்றால் ரெட் ஆக்சைடு இரண்டு கோட், அதற்கு மேல் எனாமல். உவரி, கூடங்குளம், இடிந்தகரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று இன்னும் வேகமாக அரிக்கும். குழாயின் திறந்த வாய்களை மூடுவது அவசியம். மூடாவிட்டால் தண்ணீர் உள்ளே போகும், எண்பதில் போகும்போது விசில் சத்தமும் கேட்கும். முழுக்க மூடியபின் தாழ்ந்த இடத்தில் ஒரு சின்னத் துளை விட வேண்டும். உள்ளே கசிந்த தண்ணீர் வெளியேற வேறு வழி கிடையாது.

இனிச் சொல்வது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. கேபின் கூரையில் தொடங்கிப் பின்தொட்டியின் கடைசிவரை ஒரே நீளக் கேரியராகச் செய்து பொருத்திய வண்டிகளைச் சாலையில் பார்க்கலாம். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். நிறைய ஏற்றலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். பிக்கப்பில் கேபினும் தொட்டியும் ஒரே உடம்பு கிடையாது. இரண்டும் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. இடையில் விரல் நுழையும் அளவு சந்து விட்டிருப்பதே, சேஸிஸ் முறுக்கும்போது இரண்டும் தனித்தனியாக அசைய வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு சக்கரம் வாய்க்கால் மேட்டில் ஏறும்போது பின்னால் நின்று பாருங்கள், கேபின் ஒரு பக்கமும் தொட்டி மறுபக்கமும் சாய்வது கண்ணுக்கே தெரியும். இரண்டையும் ஒரே இரும்புச் சட்டத்தால் கட்டிவிட்டால் அந்த அசைவு முழுவதும் சட்டத்தின் இணைப்புகளிலும் கூரை விளிம்பிலும் போய் விழும். முதலில் வெல்டிங் விரியும். திரும்ப வெல்டிங் வைத்து இன்னும் பலமாக்கினால், அடுத்து விரிவது கூரை ஓரத்துச் சீலர். மழைத்தண்ணீர் உள் கூரைத் துணியில் கறையாக இறங்கும்போதுதான் பலருக்கும் விஷயம் தெரியவரும். சட்டம் எவ்வளவு பலமோ, கூரைக்கு அவ்வளவு சேதம். கேபினுக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று, நடுவே குறைந்தது இரண்டு அங்குல இடைவெளி. பட்டறைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் இதில் இறங்கிப்போகாதீர்கள்.

இரண்டாவது வகை, ரெடிமேடாக வரும் அலுமினியக் குறுக்குச் சட்டம். கூரையின் இரு பக்கமும் நீளவாக்கில் ரெயில் உள்ள வண்டிக்கு இதுவே பொருத்தம். சட்டத்தின் வெட்டுமுகம் இறக்கை வடிவில் இருப்பதால் சத்தம் குறைவு. எடையில் இரும்புக் கூடை பக்கத்திலேயே வர முடியாது. இரண்டு சட்டமும் கால்களும் சேர்ந்தாலே ஐந்தாறு கிலோதான். முன் சொன்ன 75 கிலோ கணக்கில் 69 கிலோ உங்களுக்கு மிஞ்சுகிறது. தூலே போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் சட்டங்கள் விலை அதிகம், ஆனால் வண்டி மாடலுக்கென்றே வடித்த பிடிகள், பூட்டு, எழுதிவைத்த சுமை வரம்பு எல்லாம் உண்டு. பெயர் இல்லாத மலிவுச் சட்டங்களில் குறை பெரும்பாலும் சட்டத்தில் இருக்காது, பிடியில் இருக்கும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் பிடி எந்த வண்டிக்கும் முழுதாகப் பொருந்துவதில்லை. ரெயிலில் முழு அகலமும் படியாமல் இரண்டு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். வாங்கும்போது கடையிலேயே ஒரு பிடியை ரெயிலில் வைத்து, இடையில் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். காகிதம் தாராளமாகப் போகிறதென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு சட்டத்துக்கும் இடையே குறைந்தது 70 சென்டிமீட்டர் இருக்கட்டும். போல்ட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கே முறுக்க வேண்டும். கைப்பலம் முழுவதையும் காட்டினால் அலுமினிய மரை உரிந்துவிடும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைப் போடும்போது மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இல்லையென்றால் பாதியில் கவ்விக்கொண்டு, அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். முறுக்கி முடித்ததும் நட்டில் இருந்து பட்டைவரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்துவிட்டது என்று பெட்ரோல் பங்கில் நிற்கும்போதே தெரியும். முதல் 100 கிலோமீட்டரில் எந்தக் கேரியரும் கொஞ்சம் தளரும். அப்போது ஒரு முறை இறுக்கியே ஆக வேண்டும்.

ரெயில் இல்லாத புது வண்டியில் கூரையைத் துளைத்துப் போல்ட் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒழுகும், துருப்பிடிக்கும் என்பது ஒரு பக்கம். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் அந்தப் பை கூரை ஓரத்தின் உள்பக்கம்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. துளைப்பான் நேராக அதன்மேல் இறங்கலாம். கதவு நிலையில் கொக்கி போட்டுப் பிடிக்கும் கால்கள் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள்.

மூன்றாவது வகை, தொட்டியின் மேல் நிற்கும் சட்டம். கேரியர் என்றாலே கூரை என்று நினைப்பதால் இதைப் பலரும் யோசிப்பதில்லை, ஆனால் பிக்கப்புக்கு இதுவே இயல்பான இடம். எடை நேராகத் தொட்டிக்கும் சேஸிஸுக்கும் இறங்குகிறது, கூரை வரம்பு குறுக்கே வராது. தொட்டியின் நான்கு மூலையிலும் கால் ஊன்றி, கேபின் உயரத்துக்கோ அதற்குக் கொஞ்சம் கீழாகவோ நிறுத்தினால் கீழே மூட்டையும் மேலே சேரும் தார்ப்பாயுமாக இரண்டு அடுக்கு கிடைக்கும். காலுக்கு ஒன்றரை அங்குலக் குழாய், 14 கேஜ். அடித்தட்டு நான்கு அங்குலத்துக்கு நான்கு அங்குலம், தொட்டித் தகட்டுக்கு அடியிலும் அதே அளவில் ஒரு எதிர்த்தட்டு. எதிர்த்தட்டு இல்லாமல் வாஷர் மட்டும் போட்டால் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். மூலைக்கு மூலை சாய்வுக் கம்பி இல்லாத சட்டம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னால் சாயும்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கேரியர் தேவைப்படுவதே பெரும்பாலும் பி.வி.சி. பைப்புக்காக. இருபது அடி பைப் 6 மீட்டர். கேம்பரின் மொத்த நீளமே 5 மீட்டருக்குள், வி-கிராஸும் ஹைலக்ஸும் சுமார் 5.3 மீட்டர். எந்தக் கேரியர் வாங்கினாலும் பைப் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். அனுமதித்த அளவுக்கு மேல் முன்னோ பின்னோ பக்கத்திலோ சரக்கு நீட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், இறக்கும் கூலி தனி. 3 மீட்டர் பைப்பாக வாங்குங்கள், அல்லது வளையக்கூடிய எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பைப்பைச் சுருளாக வாங்கித் தொட்டியில் போடுங்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் நெல்லைச் சீமையில் கேரியர் பேச முடியாது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேலக்காற்று பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் வட்டாரத்தில் நாற்கரச் சாலையைக் குறுக்கே அடிக்கும். அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பதற்குக் காரணமே அதுதான். நாகர்கோவில் நோக்கிப் போகும் வண்டிக்கு அது வலது பக்கம் விழும். உயரமாகக் கட்டிய சுமைக்கு அந்தப் பக்கத்தள்ளல் ஸ்டீயரிங்கில் தெரியும். லாரியை முந்தி அதன் மறைவிலிருந்து வெளியே வரும் கணத்தில் ஒரேயடியாகத் தள்ளும். சுமையோடு அந்தப் பகுதியில் 60-ஐத் தாண்ட வேண்டாம். எதிர்க்காற்றின் தடையும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 80-ல் இருந்து 100-க்குப் போனால் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். கேரியர் காலியாக இருந்தாலும் டீசல் குடிக்கும்.

கட்டுவதற்கு நைலான் கயிறு வேண்டாம். நனைந்தால் நீளும், கல்லிடைக்குறிச்சியில் இறுகக் கட்டியது குற்றாலச் சாரலில் தொளதொளவென்று ஆகிவிடும். ஒரு அங்குலப் பாலியஸ்டர் ராட்செட் பெல்ட் (பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை) நான்கு வாங்குங்கள்: இரண்டு குறுக்கே, ஒன்று முன், ஒன்று பின். பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் படபடக்காது. நம் வெயிலில் பெல்ட்டின் நிறம் வெளுத்து ஓரம் பிசிறு தட்டினால் அதன் வேலை முடிந்தது, மாற்றுங்கள். தார்ப்பாயின் முன் ஓரத்தைச் சுமைக்கு அடியில் மடித்து விடுங்கள். காற்று உள்ளே புகுந்தால் சுமையையே தூக்கும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய சேர்களை முதுகு முன்பக்கம் வரும்படி படுக்கவைத்துக் கட்ட வேண்டும். கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், ஸ்டெப்னி மூன்றும் கூரைக்கு ஏறவே கூடாது. நிறைந்த சிலிண்டர் 30 கிலோ, இடம் தொட்டியில், நிமிர்ந்த நிலையில்.

கேரியர் கேட்டு வருபவர்களில் கணிசமானவர்கள், சாமானை மேலே ஏற்றிவிட்டால் தொட்டியில் பத்துப் பேர் உட்காரலாம் என்ற கணக்கில் வருகிறார்கள். சரக்கு ஏற்றும் இடத்தில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். கூரையில் 70 கிலோ, தொட்டியில் நின்றுகொண்டு பத்துப் பேர் என்றால் வண்டியின் எடைமையம் அத்தனையும் மேலே போய்விடும். மலையடிவாரத் திருப்பத்தில் கவிழ்வதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. குழந்தைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்யவே செய்யாதீர்கள். இன்னொரு வண்டி பேசுங்கள்.

எங்கள் தேர்வு இது. குடும்பப் பயணம், எப்போதாவது கோயில் என்றால் கூரைக்கு இரண்டு அலுமினியச் சட்டம் மட்டும் போதும். கனமான சாமான் தொட்டியில், மேலே தார்ப்பாய். தோட்ட வேலையும் சேர்ந்திருந்தால் தொட்டிச் சட்டம் செய்துகொள்ளுங்கள், கூரையைத் தொடாதீர்கள். பொலேரோ கேம்பருக்கு இரும்புக் கூடைதான் வேண்டும் என்றால் 16 கேஜ், ஒற்றை அடுக்கு, ஆறு கால். எதுவானாலும் போல்ட்டில் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். தயாரித்த நிறுவனத்தின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மஞ்சள் போர்டு வண்டிக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்கும் நேரத்தில், உடம்போடு வெல்டிங் வைத்த கேரியர் என்றால் கட்டரோடுதான் நிற்க வேண்டியிருக்கும்.

பட்டறையில் எடுக்கும் நாளன்று கேரியரைப் பொருத்தும் முன் தராசில் வைத்து எடை பாருங்கள்; கேட்ட கேஜில் செய்தாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். வீட்டுக் கார் ஷெட்டின் உயரத்தையும் கேரியரோடு சேர்ந்த வண்டியின் உயரத்தையும் டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள்.